வெள்ளிக்கிழமைக் கோழி

மகள் இரண்டே இரண்டு நிபந்தனைகள் போட்டாள். ஒன்று, சாப்பாட்டுக் கடைக்கு நான் வீட்டிலிருந்து வடை சுட்டுக் கட்டிக்கொண்டு வரக்கூடாது. மற்றது, பெடியனின் தாய் தகப்பனிடம் ஊர் கேட்கக்கூடாது.

முதலாவதுக்கு நான் நன்றாக வாதாடினேன். சம்பந்திகளாக வரப்போகிறவர்களை முதன்முதல் பார்க்கப் போகும்போது வெறுங்கையை வீசிக்கொண்டு போவதா என்று கேட்டேன். கடைக்காரி தன் கடையில் வேறு ஆட்களின் பலகாரத்தைக் கண்டால் என்ன நினைப்பாள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அதில் நான் தோற்றுப்போனேன். இரண்டாவது நிபந்தனைக்கு வாயே திறக்கவில்லை. திறப்பதற்கு எனக்கு முகமில்லை.

ஏனென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வசனத்தில் ஊர் வந்துவிடும். பிறகு ஊரில் எவடம், கிட்டடியில் எந்தக் கோயில், எந்த ஒழுங்கை என்று கேட்டுக்கொண்டே போனால், எதிரில் இருப்பவர் என்ன சாதி என்று வாய்விட்டுக் கேட்காமலே பிடித்துவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். சும்மா கதைக்கிற மாதிரியே செய்வோம். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் மகளுக்குப் பிடித்த ஒரு பெடியனின் தாயிடம் நான் அப்படித்தான் சும்மா கேட்டேன். அவர் ஒரு இடத்தின் பெயரைச் சொன்னார். "ஓ... அப்பிடியோ" என்று இழுத்தேன். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்த இழுவையை அந்தத் தாய் விளங்கிக்கொண்டார், தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார், அந்தச் சம்பந்தம் அந்தக் கிழமையே முடிந்துபோனது. அதன் பிறகு மகள் நாலு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பால் முடிந்துவிட்டது என்பதைக்கூடத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போவாள்.

நான் செய்தது பிழை. அதை நான் அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். சொன்னால் மட்டும் போனது திரும்பி வந்துவிடுமா என்ன?

இந்த முறை வந்த பெடியன் மலேசியாத் தமிழன். மகள் மருந்தாளராக வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில் அவனும் வேலை செய்கிறான். அவனுடைய தாயும் தகப்பனும் ஒரு காலத்தில் இங்கே படிக்க வந்து, வேலையும் எடுத்து, விம்பிள்டனில் வீடும் வாங்கித் தங்கிவிட்டவர்கள். நாங்கள் இருப்பது அப்டன் பார்க்கில். டிஸ்ட்ரிக்ட் லைனின் அந்தக் கரையில் அவர்கள், இந்தக் கரையில் நாங்கள். இரண்டு வீட்டாரும் சந்திக்கும் இடத்தைப் பிள்ளைகளே தெரிவு செய்தார்கள். இருவரும் முதன்முதல் ஷிப்ட் முடிந்து சேர்ந்து சாப்பிட்ட இடமாம். பிரிக்ஸ்டனில் ஒரு சின்னக் கடை. கோழிப் பொரியலும் வாஃபிளும் அங்கே விசேஷம்.

வேறு கடையாக இருந்திருந்தால் நான் ஏதாவது நொட்டை சொல்லியிருப்பேன். இந்தக் கடையென்றதும் எனக்குச் சந்தோஷப் புழுகம் தாங்கவில்லை. ஏனென்றால் அதற்கு முதல் வருடம் என் பிறந்தநாளுக்கு மகள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

லண்டனுக்கு வருமுன் நாங்கள் பதினொரு வருடம் ஜெர்மனியில் இருந்தவர்கள். வாஃபிள் எனக்குப் புதிதல்ல. மகளின் பாலர் பள்ளியில் தாய்மார் முறைவைத்து வாஃபிள் சுட்டு, மேலே சீனி தூவிக் கொடுப்போம். அது பிள்ளைகளின் இனிப்பு. அதன் மேலே பொரித்த கோழியைத் தூக்கி வைத்து, அதற்கு மேலே இனிப்புப் பாணியை வேறு ஊற்றிக்கொண்டு வந்து அந்தக் கடைக்காரி என் முன்னால் வைத்தபோது, யாரோ இரண்டு மேசைக்குரிய சாப்பாட்டைத் தவறுதலாக ஒரே தட்டில் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மகள் சிரித்தாள். வெட்டிப் பாருங்கோ என்றாள்.

வெட்டினேன். மோரில் ஊறிய கோழி. மேல்தோல் முறுக்குப்போல நொறுங்கியது, உள்ளே ஆவி பறந்தது. வாஃபிளின் குழிகளில் வெண்ணெயும் பாணியும் தேங்கி நின்றன. கோழியின் உப்பும் உறைப்பும் முதலில் நாக்கில் ஏறின, பின்னால் இனிப்பு வந்தது, கடைசியில் வெண்ணெய் எல்லாவற்றையும் சமாதானப்படுத்தியது. நான் கதைப்பதை நிறுத்திவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயமென்று விளங்கும். அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போதும், துணி மடிக்கும்போதும் திடீரென்று அந்தத் தட்டு நினைவுக்கு வரும். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கோழிக்காக இப்படி மனம் அலையுமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் அலைந்தது.

அதனால் நாள் குறிக்கும் பொறுப்பை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். பெடியனின் தாய் போனில் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொன்னார். கிறீன் ஸ்ட்ரீட் தமிழ்க் கடை தந்த நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தேன். வளர்பிறை, நல்ல நட்சத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளிக்கிழமை. கலியாணக் கதை தொடங்க இதைவிட வேறென்ன வேண்டும்? ராகுகாலம் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது, ஆகவே பன்னிரண்டரைக்கு மேசை பதிவு செய்யச் சொன்னேன். என் கெட்டித்தனத்தை எண்ணி நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று கிழமை அந்த மெச்சுதல் நீடித்தது. அந்த வியாழக்கிழமை பின்னேரம், வழக்கம்போலக் குசினியைக் கழுவினேன். வெள்ளிக்கு முதல்நாள் மீன்சட்டி, இறைச்சிச்சட்டி எல்லாவற்றையும் தேய்த்து அடித்தட்டில் ஒதுக்கிவிட்டு, அடுப்பைத் துடைத்துச் சுத்தமாக்கி வைப்பது என் பழக்கம். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குக் கோழி.

என் தலைக்குள் நல்ல காரியம் தொடங்கும் வெள்ளி ஒரு தட்டிலும், மீன், இறைச்சி என்று மச்சமே சாப்பிடாத வெள்ளி வேறு தட்டிலும் இருந்திருக்கின்றன. இரண்டும் ஒரே நாள் என்பது அந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாக நான் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிட்டதில்லை. ஜெர்மனியில் அகதி முகாமில் வெள்ளிக்கிழமையும் பன்றி இறைச்சிச் சொசேஜ்தான் தருவார்கள். நான் பாணும் ஜாமும் சாப்பிட்டேன். வயிற்றில் மகள் இருந்தபோதும் பாணும் ஜாமும்தான். நாடு, வீடு, பாஷை எல்லாம் மாறியபோது மாறாமல் இருந்தது அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் குழாய் திருத்தும் வேலை செய்பவர். அவருக்குக் கிழமையென்பது யார் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பது மட்டும்தான். நாளை மாற்றினால் என்ன என்று கேட்டார். மாற்றுவதா? முதல் சந்திப்பையே தள்ளிப்போட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? மகள் என்ன நினைப்பாள்? அம்மா திரும்பவும் தன் சட்டதிட்டங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டா என்றல்லவா நினைப்பாள்? போய் இருந்து கோழி வேண்டாமென்று சொன்னாலும் அதே கதைதான். அந்தக் குடும்பம் நவீனமான குடும்பம், வெள்ளி செவ்வாய் பார்க்கிறவர்களாக இருக்கமாட்டார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர்களுக்கு முன்னால் ஆசாரம் காட்டி மகளின் வாழ்க்கையில் இரண்டாம் முறையும் மண்ணள்ளிப் போடுவதில்லை. சாப்பிடுவது என்று தீர்மானித்தேன்.

வெள்ளி காலையில் தலைக்கு முழுகி, விளக்கேற்றி, பிள்ளையாரிடம் இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். பிறகு திருநீறு பூசினேன். ரயில் விக்டோரியாவை நெருங்கும்போது, இதைப் பார்த்து அவர்களுக்குச் சங்கடமாகிவிடுமோ என்று நினைத்து, கைக்குட்டையால் பாதியைத் துடைத்தேன்.

எட்டு மேசைகள் உள்ள கடை. ஆறு பேருக்காக இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். வெண்ணெய் மணமும் பொரியல் மணமும் கதவைத் திறந்தவுடனேயே வந்து கட்டிப்பிடித்தன. பெடியனின் தாயும் என்னைப்போலவே மழைக்கோட்டுக்குள் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்களைப் பார்த்துக் கடைக்காரிக்கு ஒரே சந்தோஷம். பெடியனின் தாய் என்னை அக்கா என்றார், நானும் அவரை அக்கா என்றேன். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை. அவருடைய நெற்றியில் ஏதோ வெள்ளையாக லேசாகத் தெரிந்தது. முகப்பவுடர் சரியாகப் படியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன சாப்பிடுவீர்கள் என்று கடைக்காரி கேட்டதும் பெடியனின் தாய் என்னைப் பார்த்தார். நான் எதை எடுக்கிறேனோ அதுவே தனக்கும் போதும் என்றார். என் பரந்த மனதைக் காட்ட இதுதான் சமயமென்று எண்ணிக் குரலை உயர்த்தி, எல்லோருக்கும் கோழியும் வாஃபிளும் என்றேன். அவருடைய முகம் ஒரு மாதிரிப் போனது. பாவம், நல்ல பசிபோல என்று நினைத்தேன்.

தட்டுகள் வந்தன. அதே கோழி, அதே நொறுக்கு, அதே ஆவி. ஒரு வருடமாக நான் கனவு கண்ட தட்டு கடைசியில் எனக்கு முன்னால் இருந்தது. துண்டொன்றை வெட்டி, பாணியில் தோய்த்து, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். எதிரே அவரும் முள்ளுக்கரண்டியைத் தூக்கியிருந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்குத் திடீரென்று பாணி காணாது போலத் தோன்றியது. கரண்டியை இறக்கி, இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அவரும் இறக்கி, உறைப்புச் சோஸை எடுத்தார். திரும்பவும் தூக்கினோம். திரும்பவும் இறக்கினோம். கடைக்காரி வந்து எல்லாம் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். ஒரு வாய் வைக்காத நாங்கள் இருவரும் ஒரே குரலில் அருமை என்றோம்.

இதற்கிடையில் என் கணவர் இரண்டாவது துண்டில் இருந்தார். பெடியனின் தகப்பன் அவருக்குச் சளைத்தவராகத் தெரியவில்லை. மகளும் பெடியனும் எங்கள் தட்டுகளைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் பார்ப்பதுமாக இருந்தார்கள். பெண்கள் பக்கம் ஒரே அமைதி. அமைதி எனக்குக் கூடாத சாமான். அமைதி வந்தால் என் நாக்கு தானாகவே எதையாவது தேடிப் போகும், அது எதைத் தேடிப் போகுமென்று எனக்குத் தெரியும். 'உங்கட மூதாதையர் எவடம்?' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எதையாவது சொல்லியே ஆகவேண்டும், அதைத் தவிர வேறு எதையாவது.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லவேணும்" என்றேன்.

மேசைக்கடியில் மகளின் கை என் சேலையைப் பிடித்து இழுத்தது. அவளுடைய முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் வெள்ளியில மச்சம் தொடுறேல்லை. உங்களுக்காகச் சாப்பிடுவம் எண்டுதான் வந்தனான். ஆனா என்னால ஏலாமக் கிடக்கு."

பெடியனின் தாய் முள்ளுக்கரண்டியைத் தட்டில் வைத்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். முடிந்தது, இந்த முறையும் முடிந்தது என்று நினைத்தேன். கையை எடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் நின்றது.

"நானும் சுத்த சைவம்தாங்க இன்னைக்கு. நீங்க சாப்பிடுறவங்கன்னு நினைச்சேன். காலையில சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, திருநீறையும் துடைச்சிட்டு வந்தேன்."

அந்தச் சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்? பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கைக்குட்டையை எடுத்துக் காட்டினேன். அதில் இருந்த திருநீற்றைப் பார்த்து அவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நாள் குறித்தபோது எனக்கு வராத நினைவு அவருக்கும் வியாழக்கிழமைதான் வந்ததாம். மகளின் கை என் சேலையை விட்டது. விட்ட கை அப்படியே என் மடியில் கொஞ்ச நேரம் கிடந்தது. இரண்டு வருடத்தில் அவள் என்னை அப்படித் தொட்டதில்லை.

கணவர் மட்டும் பாதி கடித்த எலும்போடு விழித்துக்கொண்டிருந்தார். அப்ப நான் என்ன செய்யிறது என்று கேட்டார்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. பிள்ளையார் உங்களைக் கைவிட்டுக் கனகாலம்" என்றேன்.

கடைக்காரிக்கு விஷயத்தைப் பிள்ளைகள் விளக்கினார்கள். அவள் எங்கள் கோழிகளைப் பெட்டியில் போட்டுக் கட்டித் தந்துவிட்டு, எங்கள் இருவருக்கும் புதிதாக வாஃபிள் சுட்டு, வெண்ணெயும் பாணியும் மட்டும் போட்டுக் கொண்டுவந்தாள். வாஃபிளுக்குள் முட்டை இருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கேக்கில் பார்க்காத கணக்கை இதில் ஏன் பார்க்கவேண்டும் என்று இருவரும் பேசாமல் சாப்பிட்டோம். அதுவரை இருந்த பயமெல்லாம் பசியாக மாறியிருந்தது. பாணி உதட்டில் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டோம்.

பிரியும்போது அவர் தன் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். நாளைக்குச் சனிக்கிழமை, இதை எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று கேட்டார். எங்கள் வீட்டில் என்று நான் சொன்னேன். மகளைக் கேட்காமல்தான் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. வடையும் சுடலாம் என்று தானாகவே சொன்னாள்.

மேல்மாடத்தில் கிடந்த ஜெர்மன் வாஃபிள் இரும்பைக் கணவர் இறக்கித் தந்தார். ஐந்து இதயங்களைச் சேர்த்து வைத்த பூப்போல வாஃபிள் சுடுகிற இரும்பு. பதினைந்து வருடத் தூசியைத் தட்டி, பிளக்கைச் செருகியதும் அதன் விளக்கு எரிந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஆறு பேரும் என் குசினி மேசையைச் சுற்றி இடித்துக்கொண்டு இருந்தோம். கோழியை அவணில் சூடாக்கினேன். மொறுமொறுப்பு முக்கால்வாசி திரும்பி வந்தது. பெடியனின் தாய் தான் அரைத்த சம்பலைக் கொண்டுவந்திருந்தார். இதய வாஃபிள், அதன் மேல் கோழி, அதன் மேல் பாணி, ஒரு கரையில் சம்பல். கத்தியும் முள்ளும் வேண்டாமென்று கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், கடையில் சாப்பிட்டதைவிட ஒரு படி மேலேதான் இருந்தது.

அப்போதுதான் பெடியனின் தாய் வாஃபிளைப் பிய்த்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா அக்கா? எங்க குடும்பமும் ஆதியில யாழ்ப்பாணம்தான். ரயில்வே வேலைக்குன்னு மலாயா போனவங்க. சொந்த ஊரு வந்து..."

பாணிப் போத்தலைப் பிடித்திருந்த மகளின் கை அந்தரத்தில் நின்றது. என் இரண்டு காதும் நிமிர்ந்ததை நான் மறைக்கப்போவதில்லை. கேட்காமலே வருகிறது. நான் நிபந்தனையை மீறவும் இல்லை. ஒரே ஒரு பெயர்தான். ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்தால் அடுத்த நொடி என் மூளை தன் பழைய வேலையைத் தொடங்கிவிடும். அதை நிறுத்த எனக்குத் தெரியாது. முகமும் காட்டிக்கொடுத்துவிடும். என்னை எனக்குத் தெரியும்.

"அதை விடுங்கோ அக்கா. ஆற முதல் சாப்பிடுங்கோ" என்று சொல்லி, இருந்ததில் பெரிய கோழித்துண்டை எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆதியில் எங்கள் பக்கத்து ஆள் அல்லவா, அவருக்கும் விளங்கியிருக்கும். பிறகு தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். மகளோ, தான் கடைசியில் சாப்பிடவென்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த, நன்றாக முறுகிய தோலுள்ள துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். அதை நான் ஒரு துளியும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

கலியாணம் முடிந்து எட்டு மாதமாகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆறு பேரும் அந்தக் கடைக்குப் போகிறோம். கடைக்காரி எங்களைக் கண்டதும் இன்றைக்கு என்ன கிழமை என்றுதான் முதலில் கேட்பாள். அந்த ஊரின் பெயரைப் பெடியனின் தகப்பன் எப்போதோ என் கணவரிடம் சொல்லிவிட்டார். இவருக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. போன மாதமும், நான் கோழியை வெட்டிக்கொண்டிருக்கும்போது காதுக்குக் கிட்ட வந்து, "சொல்லட்டே?" என்றார்.

"பேசாமச் சாப்பிடுங்கோ" என்றேன்.

எனக்கு இன்னும் தெரியாது. கேட்கவும் போவதில்லை.